லாபிஸ் வகுப்பைப் பற்றி நான் எழுதிய வரி

எனக்குப் பின் இந்தப் பிரிவில் அமர்ந்திருக்கும் நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், முதியோர் கல்விக் கொள்கையை மதிப்பிடுவது என்றால் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்று எழுதுவதுதான். நீங்கள் வரும்போதே சமூகவியல் கோட்பாடுகளோடு வருகிறீர்கள். நல்லது. கோட்பாடு இல்லாமல் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்ப்போம். ஆனால் கோட்பாட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன். அதை அலுவலகக் கோப்புகளில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

நாற்பத்தாறு வயதில், வேலை பார்த்துக்கொண்டே, முதுகலை படித்தேன். அதில் ஒரு பாடம் கல்வியின் சமூகவியல். பள்ளிக்கூடம் ஏழைகளை மேலே தூக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே, அவர்களை இருந்த இடத்தில் வைத்திருக்கிறது என்ற கருத்தை அங்கேதான் முதலில் படித்தேன். தோட்டத்துப் பள்ளியில் படித்து வந்தவள் நான். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் ஏன் செம்பனைக் காட்டைத் தாண்டவில்லை என்ற கேள்விக்கு அதுவரை என்னிடம் இருந்த பதில், ‘அவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை’ என்பதுதான். அந்தப் பாடம் அதை உடைத்துப் போட்டது. பல நாட்கள் எனக்கு வேறு நினைவே இல்லை. எதைப் பார்த்தாலும் அந்தக் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகவே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சீர்திருத்தம் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் சிறு ஊர்களில் முதியோர் கற்றல் மையங்கள் இருந்தன. மலாய் எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு, விண்ணப்பம் நிரப்புவது என்று வாரம் ஒருநாள் வகுப்பு நடக்கும். அவற்றை மூடிவிட்டு, குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளை வேறு இடங்களில் நடத்தலாமா என்பது திட்டம். எங்கள் பிரிவு மூன்று மையங்களை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்: லாபிஸ், சிம்பாங் ரெங்கம், பண்டார் தெங்காரா. பொறுப்பு என்னிடம் வந்தது.

பதினொரு கேள்விகள் கொண்ட படிவம் தயாரித்தேன். மூன்று ஊர்களுக்கும் போனேன். ஆளுக்கு இருபது நிமிடம் பேசினேன். வகுப்புக்கு வந்த பிறகு வேலை மாறியதா, பதவி உயர்ந்ததா, வேறு வேலைக்கு விண்ணப்பித்தீர்களா, கிடைத்ததா? பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வந்தது. ஒவ்வொரு ‘இல்லை’யும் என் கோட்பாட்டுக்குப் பலம் சேர்த்தது. அறிக்கையின் முடிவுரையில் ஒரு வரி எழுதினேன். மலாயில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: “இவ்வகுப்புகள் கற்போரின் நிலையை மாற்றுவதில்லை, அவர்களுடைய எதிர்பார்ப்புகளை நிர்வகிக்க மட்டுமே செய்கின்றன.”

அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். அவ்வளவு மகிழ்ச்சி. அரசாங்கத்தைப் பார்த்து, ‘நீங்கள் இந்த மக்களுக்குக் கொடுப்பது போதாது, இன்னும் ஆழமாகச் செய்யுங்கள்’ என்று துணிந்து சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

மாநிலக் குழுக் கூட்டத்தில் அந்த வரி திரையில் வந்தது, பெரிய எழுத்தில். திட்டத்துக்குப் பொறுப்பான துணை இயக்குநர் அதைச் சுட்டிக்காட்டிப் பேசினார். முதல் சில விநாடிகள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்: “நம் ஆய்வுப் பிரிவே சொல்கிறது, இந்த வகுப்புகளால் பயன் இல்லை. எனவே மூடுவதற்குத் தடை இல்லை.”

எழுந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் திரையில் இருந்தது என் வரிதான், ஒரு சொல் கூட மாறவில்லை. பண்டார் தெங்காராவில் கட்டட வாடகை ஒப்பந்தம் அந்த மாதமே முடிவதால் அந்த மையத்தை உடனே மூட அங்கேயே முடிவெடுத்தார்கள். மற்ற இரண்டைப் பற்றி இரண்டு வாரம் கழித்துப் பேசலாம் என்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அன்று நான் வாய் திறக்கவில்லை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் அது இருக்காது.

அடுத்த சனிக்கிழமை லாபிஸுக்குப் போனேன். அப்போது ஜொகூரில் அரசாங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆலைகளில் பல இடங்களில் சனியும் ஞாயிறும். ஆசிரியருக்கும் ஆலைக்காரர்களுக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான், அதனால் வகுப்பும் அன்றுதான். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். மையத்தை மூடுவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று கற்போருக்கு நேரில் தெரிவிப்பது என் கடமை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

படியேறிப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினான்கு பேர். எல்லார் கையிலும் ஒரு தாள். வகுப்பு நடத்தும் புஷ்பா டீச்சர் என்னைப் பார்த்ததும் முகம் மாறினார். மையங்களுக்கு அறிக்கையின் சுருக்கத்தை அனுப்பும் வழக்கம் உண்டு. அதை நகலெடுத்து அன்றைய வாசிப்புப் பாடமாகவே கொடுத்திருந்தார்.

“ஒங்கள வச்சுக்கிட்டுப் படிக்கணும்னு பண்ணல மேடம். நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு தெரியாது” என்றார்.

“பரவால்ல டீச்சர். படிக்கட்டும்” என்றேன். வேறென்ன சொல்வது?

வாசித்துக்கொண்டிருந்தது சரோஜா. ஐம்பதை நெருங்கும் பெண். மரச்சாமான் ஆலையொன்றின் தொழிலாளர் விடுதியில் துப்புரவு வேலை. என்னைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. விரலை வரியின் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கூட்டிப் படித்தார். சரியாக அந்த வரிக்கு வந்தார்.

“மெங்... மெங்கூருஸ்... மெங்கூருஸ் அஸ்பிராசி.” தலை நிமிர்ந்தார். “டீச்சர், ‘ஊருஸ்’னா பாத்துக்கறது தானே? ஆபீஸ்ல போயி ஊருஸ் பண்ணிட்டு வரேன்னு சொல்லுவோமே, அதுதானே?”

“அதுதான்” என்றார் டீச்சர்.

“அப்ப அஸ்பிராசி?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “ஆசைங்க. முன்னேறணும்ங்கற ஆசை.”

சரோஜா திரும்பவும் தாளைப் பார்த்தார். இப்போது படிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

“அப்படின்னா, எங்க நெலம மாறாது, எங்க ஆசைய மட்டும் இவங்க பாத்துக்கறாங்க, அப்படித்தானே எழுதியிருக்கு? நாங்க ஏமாந்துகிட்டு இருக்கோம்னு. யாரு மேடம் எங்கள ஏமாத்துறா? டீச்சரா?”

“இல்லம்மா. நான் அரசாங்கத்தச் சொன்னேன்.”

“அரசாங்கம் இங்க வரலையே. நீங்கதான் வந்தீங்க.”

பின்வரிசையிலிருந்து ஆரோக்கியசாமி என்பவர் பேசினார். மர ஆலையில் சுமை ஏற்றுபவர். “மேடம் எழுதுனதுல என்னா தப்பு? நாலு வருசமா வரேன் லா. இன்னும் அதே வேலதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டணும்னா லைசென்ஸ் கேக்குறான். அதுக்குப் பாடம் இங்க இருக்கா? இல்ல. உள்ளதத்தான் எழுதியிருக்காங்க.”

“ஒனக்கு வேல மட்டுந்தான்” என்று சரோஜா திரும்பினார். “லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லி சூராட் வந்தப்ப எங்க போயி நின்ன? இங்கதானே?” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க ஃபாரத்தோட வந்த அன்னிக்கே சொல்ல வந்தேன் மேடம். அது வேணாம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னுட்டீங்க” என்றார்.

அன்று சொல்ல வந்ததை அப்போது சொன்னார். அவர்கள் குடியிருந்த தோட்டம் கைமாறியது. லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மலாயில் இரண்டு பக்கம். முன்பெல்லாம் அப்படி ஒரு கடிதம் வந்தால், படித்தவர் யாரையாவது தேடிப் போவார்கள். அவர் சொல்வதுதான் கடிதம். இந்த முறை அதை வகுப்புக்கு எடுத்து வந்தார்கள். இரண்டு சனிக்கிழமை அதுவே பாடம். காலி செய்யச் சொன்ன தேதி பிள்ளைகளின் ஆண்டிறுதிப் பரீட்சைக்கு முன்னால் விழுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பதில் கடிதம் எழுதினார்கள். மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல். பள்ளி விடுமுறை வரை தேதி தள்ளிப்போனது.

“வீடு போயிருச்சு. அது போகும்னு தெரியும்” என்றார் சரோஜா. “ஆனா மொத தடவையா தோட்டத்துக்காரங்க எங்கள்ட்ட உக்காந்து பேசுனாங்க. நாற்காலி போட்டு. அது ஒங்க ஃபாரத்துல எந்த எடத்துல வரும்?”

 மையத்தை மூடும் பேச்சு நடப்பதைச் சொல்ல வந்தவள் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். என் வரியைக் காட்டித்தான் அந்தப் பேச்சு நடக்கிறது என்பதையும் சொன்னேன்.  ஆரோக்கியசாமிதான் முதலில் பேசினார்: “அலமாக்! மூடச் சொல்லவா மேடம் நான் அப்படிச் சொன்னேன்?”

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏனென்றால் அதுதான் என் கேள்வியும். மூடச் சொல்லவா நானும் எழுதினேன்?

வீட்டுக்கு வந்ததும் களக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். சரோஜாவின் பக்கத்தில், ஓரத்தில், என் கையெழுத்தில் இருந்தது: ‘ஏதோ கடிதம் பற்றிச் சொல்கிறார். தொடர்பில்லை.’

மறுநாள் ஞாயிறு, வேலை நாள். என் தலைமை அதிகாரியிடம் போனேன். மலாய்ப் பெண்மணி, என்னைவிட மூன்று வயது இளையவர். நாங்கள் மலாயில்தான் பேசுவோம், அவரை மரியாதையாகப் ‘புவான்’ என்று அழைப்பேன். நினைவில் உள்ளபடி தமிழில் தருகிறேன். நடந்ததைச் சொல்லி, “புவான், அந்த வரியை வாபஸ் வாங்கணும்” என்றேன்.

“அந்த வரி பொய்யா?”

“பொய் இல்லை. அங்கே ஒருவர் அதை ஒத்துக்கொள்ளவும் செய்தார்.”

“பொய்யில்லாததை வாபஸ் வாங்கினால், இனிமேல் நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அழுத்தம் கொடுத்தால் வளைந்துவிடுவார் என்பார்கள். உங்கள் படிவத்தைக் கொண்டுவாருங்கள்.”

கொண்டுவந்தேன். பென்சிலை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். வேலையைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அடியில் கோடு போட்டார். முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். வயது, முகவரி இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் கோடு இருந்தது.

“துணை இயக்குநர் கேட்கிற கேள்வியும் இதுதான், வேலை மாறியதா என்று. நீங்கள் அவரை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு அவர் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். பதிலும் ஒன்றாகத்தானே வரும்?”

எனக்கு அந்த நிமிடம் வரை அது தெரியவில்லை. தொழிற்சந்தைக்கு ஆள் தயாரிப்பதுதான் கல்வி என்பவர்கள் ஒரு பக்கம். அந்தச் சந்தையே அநீதியானது என்னும் என் கோட்பாடு மறுபக்கம். இரண்டும் மோதிக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். மோதவில்லை, கைகுலுக்கிக்கொண்டன. ஒரு மனிதருடைய நிலை என்றால் அவருடைய வேலை என்று இருவருமே முடிவு செய்துவிட்டோம். அதிகாரத்தைப் பற்றிப் படித்திருந்த நான், கண்ணெதிரே அதிகாரத்தோடு பேசிவிட்டு வந்த பெண்ணைப் பற்றி ‘தொடர்பில்லை’ என்று எழுதியிருக்கிறேன். கோட்பாட்டில் குறை இல்லை. அது காட்டிய திசையில் வேலை என்ற முதல் வீட்டின் கதவை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன், அதுதான் குறை.

“கோட்பாட்டை வாபஸ் வாங்காதீர்கள். படிவத்தை வாபஸ் வாங்குங்கள்” என்றார் அவர். பிறகு, “ஆனால் அது உங்கள் பெயரில் போகும். என்னால் அதைப் பங்குபோட்டுக்கொள்ள முடியாது” என்றார். அதை அவர் மறைக்காமல் சொன்னதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டாவது கூட்டத்தில் இணைப்புக் குறிப்பு ஒன்றை வைத்தேன், மூன்று பக்கம். துணை இயக்குநர் அதைப் படித்துவிட்டு, மேசையில் வைத்து, மெதுவாகக் கேட்டார்: “அப்படியானால் உங்கள் அறிக்கை தவறா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ‘தவறில்லை, நீங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்ற பதில் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், விவாதம் அவருக்கும் எனக்கும் நடுவே போயிருக்கும், மையங்கள் மறந்துபோயிருக்கும்.

“கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் சரி. கேட்க வேண்டியதில் பாதியை நான் கேட்கவில்லை. அதை வைத்து ஒரு மையத்தை மூடியிருக்கிறோம். மற்ற இரண்டுக்கும் முடிவெடுக்கும் முன் எனக்கு எட்டு வாரம் வேண்டும்.”

“இது உங்கள் தவறு என்று கூட்டக் குறிப்பில் பதிவாகும். சம்மதமா?”

“சம்மதம்.”

 

எட்டு வாரத்தில் லாபிஸிலும் சிம்பாங் ரெங்கத்திலும் திரும்பப் பேசினேன். இம்முறை படிவத்தின் முதல் கேள்வி இது: “முன்பு வேறொருவரைக் கேட்டுச் செய்த எந்தக் காரியத்தை இப்போது நீங்களாகவே செய்கிறீர்கள்?” பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றேன். ஒருவர், கிளினிக்கில் கொடுக்கும் மருந்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு டாக்டரிடமே கேள்வி கேட்பதாகச் சொன்னார். ஒருவர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தியிருந்தார். ஒரு பெண் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் செயலவைக்கு உறுப்பினராக வந்திருந்தார். ‘ஒண்ணும் இல்ல மேடம், சும்மாதான் வரேன்’ என்றவர்களும் இருந்தார்கள். அதையும் எழுதினேன். ஆரோக்கியசாமியின் குறையை முதல் பக்கத்திலேயே வைத்தேன், ஏனென்றால் அதுவும் உண்மை.

லாபிஸும் சிம்பாங் ரெங்கமும் தப்பின. முழுசாக இல்லை, வகுப்பு நேரம் குறைந்தது, தொழிற்பயிற்சியோடு சேர்த்து நடத்த வேண்டும் என்று ஆனது. அதனால் ஆரோக்கியசாமிக்கு ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி கிடைத்தது. சீர்திருத்தமே வேண்டாம் என்று நான் நினைத்தது இல்லை. அதற்குள் யார் குரல் போகிறது என்பதுதான் கேள்வி. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் தனியாக எந்த ஆய்வையும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. வலித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த வெற்றியை இல்லை.

எட்டு வாரத்தின் நடுவே ஒரு சனிக்கிழமை பண்டார் தெங்காராவுக்குப் போனேன். மூடிய மையத்தில் படித்தவர்களையும் கண்டு பேச முடியுமா என்று பார்க்க. கடைவீட்டின் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. கதவில் ஓர் அறிவிப்பு. அதன் முன்னால் ஒருவர், காவலாளிச் சட்டையோடு, ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று படித்துக்கொண்டிருந்தார். பெருமாள் என்று பெயர். குலாய் பக்கம் ஓர் ஆலையில் வேலை. ஷிஃப்ட் மாறியதால் சில வாரங்கள் வகுப்புக்கு வரவில்லையாம். மூடிய செய்தி அவருக்குத் தெரியாது.

“டிதூத்துப்னா மூடியாச்சு” என்றார், நான் யார் என்று கேட்காமலே. “ஆனா கீழ பாருங்க, ‘செஹிங்கா’ன்னு போட்டிருக்கு. வரைக்கும்னு அர்த்தம். மறுபடி சொல்ற வரைக்கும்தான் மூடியிருக்காங்க. அப்பத் தொறப்பாங்க, இல்லீங்களா?”

சரியாகப் படித்திருந்தார். ஒரு சொல்லும் தப்பவில்லை.

“நான் எழுதுன அறிக்கையக் காட்டித்தாங்க இத மூடுனாங்க” என்றேன்.

 கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “அப்ப நீங்க எழுதுனா தொறப்பாங்க” என்றார். ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எழுதினேன். ஓய்வு பெறும்வரை மூன்று முறை எழுதினேன். கட்டடம் கைவிட்டுப் போய்விட்டது, புதிய மையத்துக்குத் திட்டத்தில் இடமில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. நான்காவது விண்ணப்பத்தின் வரைவு உங்கள் பிரிவின் கோப்பில் கையெழுத்தில்லாமல் இருக்கிறது. என் வார்த்தையை நம்பி அதில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அந்த ஊருக்குப் போய் விசாரியுங்கள். இப்போது அங்கே மையம் வேண்டாம் என்று அவர்களே சொன்னால், கோப்பை மூடிவிடுங்கள். வேண்டும் என்றால் எழுதுங்கள். எப்படியானாலும், பெருமாள் என்ற பெயரில் ஒருவர் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று கேட்டு, அவரிடம் போய் முடிவைச் சொல்லிவிடுங்கள். மறுபடி சொல்வோம் என்று கதவில் எழுதி ஒட்டினோம். இதுவரை யாரும் போய்ச் சொல்லவில்லை.